வீடு தேடிய நான்கு வெள்ளிக்கிழமைகள்



வாடகை வீட்டில் குடியிருப்போருக்கு ஆண்டுதோறும் ஒரு நாள் வரும். வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வருவார். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அன்போடு விசாரிப்பார். தேநீர் கொடுத்தால் மறுக்காமல் அருந்துவார். வாடகை ஏறப்போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். சென்னை மண்ணடியில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு அந்தத் தேநீர் பழகிப்போயிற்று. சென்ற ஆண்டு அவர் அருந்திவிட்டு எழுந்து போன பிறகு, குவளையை எடுக்க வந்த என் துணைவியார், “என்னங்க, நாமும் ஒரு வீடு பார்த்துவிட்டால் என்ன?” என்று கேட்டார். அந்தக் கேள்வி எங்களை நான்கு வெள்ளிக்கிழமைகள் சென்னையின் புறநகர்களில் நடக்க வைத்தது. அந்த அலைச்சலில் நான் கற்றதையும் இழந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நான் மண்ணடிப் பகுதியில் உள்ள ஓர் அரபி மதரஸாவில் ஆசிரியன். கல்லூரியில் வரலாறு பயின்றுவிட்டுப் பின்னர் மார்க்கக் கல்விக்கு வந்தவன். மூத்தவள் மகள், பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். இளையவர் இருவரும் மகன்கள். மூன்றாம் மாடியில் இரண்டறை வீடு. மதரஸாவுக்கு நடந்து பத்து நிமிடம், கடற்கரை ரயில் நிலையத்துக்கும் அவ்வளவே, தெருமுனையில் பள்ளிவாசல். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் துறைமுகத்தை ஒட்டிய வணிகப் பகுதியில், மனிதர் குடியிருக்கும் அறையைவிடச் சரக்கு குடியிருக்கும் அறைக்கே மதிப்பு அதிகம். குடும்பங்கள் காலி செய்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கிடங்குகளாகி வருகின்றன. அங்கே சொந்தமாக ஒரு வீடு என்பது என் போன்றவன் கனவிலும் எண்ணக்கூடியதன்று.

உங்களில் பலரும் இந்த நிலையில் இருப்பீர்கள். கடையில் கணக்கெழுதும் சகோதரர் இருப்பார். கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பும் பணத்தைச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கும் சகோதரி இருப்பார். வண்ணத் தாளில் அச்சிட்ட மனைப்பிரிவு விளம்பரம் அவர்கள் வீட்டுக் கதவிடுக்கிலும் செருகப்பட்டிருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கும் முன் இக்கட்டுரையைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அரபு மக்களிடையே ஒரு பழமொழி உண்டு. பயணத்துக்கு முன் துணையைத் தேடு. வீட்டுக்கு முன் அயலாரைத் தேடு என்பது அதன் கருத்து. மாணவர்களுக்குப் பலமுறை நான் விளக்கிச் சொன்ன மொழிதான் அது. ஆசிரியன் தான் நடத்தும் பாடத்தைத் தானே மறந்தால் என்ன ஆகும் என்பதை மூன்றாம் வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

கையிருப்பும் கடனும்

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். ஊரில் இருந்த பூர்வீக வீட்டை உடன்பிறந்தோர் விற்றுப் பிரித்ததில் என் பங்கும், துணைவியாரின் நகைகளில் பெரும்பகுதியும், எங்கள் சேமிப்பும் சேர்ந்து 22 இலட்சம் ரூபாய் தேறியது. “மீதிக்கு வங்கிக் கடன் வாங்கிவிடலாமே” என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு நண்பர் தாளெடுத்துக் கணக்கும் போட்டுக் காட்டினார். 20 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டிக்கு 20 ஆண்டுத் தவணையில் பெற்றால் மாதம் ஏறத்தாழ 18,000 ரூபாய் கட்ட வேண்டும். 240 மாதங்கள் முடியும்போது கட்டிய தொகை 43 இலட்சத்தைத் தாண்டியிருக்கும். வாங்கியது ஒரு வீடு. விலை கொடுத்தது இரண்டு வீடுகளுக்கு! வட்டியை மார்க்கம் விலக்கியிருப்பதை நாம் அறிவோம். அதை அறியாதவரும் இந்தக் கணக்கைக் கண்டால் சற்று நின்று யோசிப்பார்.

நம் நாட்டு வங்கிகளில் வட்டியில்லா முறைக்கென ஒரு தனிச் சாளரம் திறக்கப்படுமா என்று சில ஆண்டுகள் பேசப்பட்டது. அந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டதாக இந்திய ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்துவிட்டது. ஆகவே எங்களுக்கு எஞ்சியது அழகிய கடன் ஒன்றே. ஷார்ஜாவில் பணிபுரியும் மச்சான் 6 இலட்சம் தருவதாகச் சொன்னார். மதரஸா ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வட்டியில்லா உதவி நிதியிலிருந்து இரண்டரை இலட்சம் கிடைக்கும். இரண்டையும் சாட்சிகளை வைத்து, திருப்பித் தரும் காலத்தைக் குறித்து எழுதிக்கொண்டோம். உறவுக்குள் எழுத்து எதற்கு என்று யாரும் கூச வேண்டியதில்லை. எழுதி வைப்பதே உறவைக் காக்கும்.

மொத்தம் முப்பதரை இலட்சம். இந்த எல்லைக்குள் ஐந்து பேர் வாழ ஒரு வீடு. நான் நாள்தோறும் மண்ணடிக்கு வந்து திரும்பும் தொலைவில். இதுவே எங்கள் தேடல்.

மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் இருவரும் கிளம்புவது, போகும் ஊரில் ஜும்ஆ தொழுவது, பிள்ளைகள் திரும்புமுன் வீடு சேர்வது என்று முடிவு செய்தோம். நான் பள்ளிவாசலில் இருக்கும் நேரத்தில் துணைவியார் இமாமின் வீட்டிலோ, அண்டையில் உள்ள ஒரு வீட்டிலோ இருப்பார். ஊரைப் பற்றிய செய்தி எனக்கு ஆண்களிடமிருந்தும் அவருக்குப் பெண்களிடமிருந்தும் கிடைத்தது. இரண்டில் எது அதிகம் பயன்பட்டது என்பதை நீங்களே காண்பீர்கள்.

வடக்கே: உப்புக் கரித்த நீர்

முதல் வெள்ளியன்று கும்மிடிப்பூண்டித் தடத்தில் மீஞ்சூருக்குப் போனோம். அந்தத் தடத்தின் முதல் நிலையம் இராயபுரம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா சாலை நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்துதான். வரலாறு பயின்றவனாதலால் அதைத் துணைவியாருக்குச் சொன்னேன். அவர் சன்னல் வழியே எண்ணூரின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “துணி காயப்போட்டால் கரி படியுமோ?” என்றார். அவருக்கு அவர் கவலை!

மீஞ்சூரில் எங்களுக்குக் காட்டிய மனையின் விலை எங்கள் கையிருப்புக்குள் அடங்கியது. வீடு கட்டவும் ஓரளவு மிஞ்சும். ஊர் அமைதியாக இருந்தது. கடைத்தெருவும் மருத்துவரும் பள்ளிக்கூடமும் அருகிலேயே. மகிழ்ச்சியோடு ஜும்ஆவுக்குப் போனேன். ஒளுச் செய்யும்போது வாய் கொப்பளித்தேன். நீர் உப்புக் கரித்தது.

தொழுகை முடிந்து பேசியபோது ஊர்க்காரர் ஒருவர் விளக்கினார். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் இந்தப் பகுதியில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் செய்தி இது. அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடையது. அது சென்னை நகரின் தாகத்துக்காக அமைந்தது.

துணைவியார் கொண்டுவந்த செய்தி இதைவிடச் சுருக்கமானது. “இங்கே ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாதாம், சோப்பு நுரைக்காதாம். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்களாம்” என்றார். திரும்பும்போது ஒரு வண்டியைத் தவறவிட்டோம். தாம்பரம் தடத்தைப் போல இத்தடத்தில் அடுத்தடுத்து வண்டிகள் இல்லை. நெடுநேரம் நடைமேடையில் அமர்ந்திருந்தோம். மகள் பள்ளியிலிருந்து வந்து பூட்டிய வீட்டின் படியில் உட்கார்ந்திருப்பாளே என்ற எண்ணம் இருவர் மனத்திலும் ஓடியது. அவ்வாறேதான் உட்கார்ந்திருந்தாள்.

மேற்கே: ஐந்தே நிமிடம்

இரண்டாம் வெள்ளியன்று சென்ட்ரலிலிருந்து புறப்படும் திருவள்ளூர் வண்டியில் ஏறி மேற்கே சென்றோம். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் அமைந்தது முதல் அத்தடத்தில் உழைப்பாளர் குடியிருப்புகள் பெருகின. 2019இல் ஆவடி மாநகராட்சியாயிற்று. 2024இல் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. தொழில் வரும் திசையில் விலையும் ஏறும். ஆகவே நாங்கள் அதற்கும் அப்பால் திருநின்றவூர் வரை போக வேண்டியதாயிற்று.

தரகர் காரோடு காத்திருந்தார். “நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம் ஹஜ்ரத்” என்று சொல்லிக் காரில் ஏற்றினார். உண்மையில் சில நிமிடங்களில் மனை வந்துவிட்டது. 1,200 சதுர அடி, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, நேரான சாலைகள், நட்டு வைத்த மரக்கன்றுகள். திரும்பும்போது தரகர் கார்க் கதவைத் திறந்து நின்றார். துணைவியார், “நீங்கள் போங்கள் பாய், நாங்கள் நடந்து வருகிறோம்” என்றார். அவர் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். நாங்கள் நடந்தோம். நிலையத்தை அடைய ஐம்பது நிமிடம் ஆயிற்று.

வண்டியில் அமர்ந்து கணக்கிட்டேன். பங்கு ஆட்டோவுக்குக் காத்திருந்து நிலையம் சேர்வது, ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் மண்ணடி. எப்படிச் சுருக்கினாலும் ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். போக வர மூன்றரை மணி. எங்கள் மதரஸாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 நாள்கள் பாடம் நடக்கும். பெருக்கினால் 875 மணி. அதை நாளாக்கினால் இரவும் பகலும் சேர்த்து 36 முழு நாள்கள். ரமளான் மாதம் முழுவதும், அதன்மேல் ஷவ்வாலின் ஆறு நோன்பு நாள்களும் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு! ஒவ்வோர் ஆண்டும் அத்தனை நாள்களை நான் வண்டியிலும் வழியிலும் கழிக்க வேண்டும். அந்த விலையை எந்த விளம்பரத் தாளும் அச்சிடுவதில்லை. பத்திரத்திலும் அது ஏறுவதில்லை. ஆனால் பிள்ளைகள் அதை அறிவார்கள். அத்தா வருமுன் தூங்கிவிடுவதும், அத்தா போன பின் எழுவதும் அவர்களுக்கல்லவா?

வெறும் மனைக்கு இன்னொரு செலவும் உண்டு. வீடு கட்டி முடியும் வரை வாடகையும் கொடுக்க வேண்டும். கட்டுமானத்துக்கும் கொடுக்க வேண்டும். இதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

அன்று ஜும்ஆ தொழுத புதுக் குடியிருப்பில் பள்ளிவாசல் என்பது தகரக் கொட்டகை. தொழுதவர்கள் அன்பானவர்கள், எங்களை உணவுக்கு அழைத்தார்கள். அவர்களில் முதியவர் ஒருவர் மெல்லக் கேட்டார்: “ஹஜ்ரத், வீடு பார்க்க வருபவர்கள் எல்லாம் தண்ணீர் உண்டா, பேருந்து உண்டா என்று கேட்கிறார்கள். மையவாடி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்கு இன்னும் இல்லை. ஜனாஸாவை வேறூருக்கு எடுத்துச் செல்கிறோம்.” நானும் கேட்டிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. புதிய ஊருக்குக் குடிபெயர்பவர், அங்கே எந்த ஜமாஅத்தில் சேர்வோம், பிள்ளைகளின் நிக்காஹ் எந்தத் தஃப்தரில் பதியப்படும், நம்மை எங்கே அடக்குவார்கள் என்பவற்றையும் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

தெற்கே: சுவரில் ஒரு கோடு

இப்போது என் தவற்றைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வெள்ளிக்கும் மூன்றாம் வெள்ளிக்கும் இடையே, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வேறொரு தரகர் தொலைபேசியில் அழைத்தார். மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் ஒரு சிறிய தனி வீடு, 28 இலட்சம், அவசரத்துக்கு விற்கிறார்கள், நாளைக் காலை இன்னொருவர் பணத்தோடு வருகிறார் என்றார். துணைவியார் மகனைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தார். அஸர் முடிந்ததும் தனியாக வண்டியேறினேன். ஆனி மாத வெயில். மண் வெடித்துக் கிடந்தது. வீடு தூய்மையாக வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. இரண்டு அறைகள், கூடம், முன்னால் ஒரு வேப்பமரம். அந்த மரத்தடியில் என் மகன்கள் விளையாடுவதாக எண்ணிப் பார்த்தேன். எண்ணிய மாத்திரத்தில் 25,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். துணையில்லாமல் பயணம், அயலாரைக் கேளாமல் வீடு. பழமொழியின் இரண்டு பாதியையும் ஒரே மாலையில் மீறியவன் நான்.

மூன்றாம் வெள்ளியன்று பெருமையோடு துணைவியாரை அழைத்துச் சென்றேன். அவர் வீட்டுக்குள் நுழையவே இல்லை. எதிர்வீட்டு மதிற்சுவரைப் பார்த்தபடி நின்றார். “அது என்ன கோடு?” என்றார். ஆள் உயரத்துக்கும் மேலே, சுவரின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. நான் விற்பனை வீட்டின் புதிய வெள்ளையைப் பார்த்தேனே தவிர, எதிர்வீட்டின் பழைய சுவரைப் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு முதியவர் வசித்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நெற்றியில் திருநீறு. எங்களை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். “ஐயா, வீடு விற்பதைக் கெடுக்கிறேன் என்று அவர்கள் என்மீது கோபப்படுவார்கள். ஆனாலும் குழந்தைகளோடு வரப்போகிறவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. 2015 டிசம்பரில் தண்ணீர் அந்தக் கோடு வரை நின்றது. நானும் என் மனைவியும் மொட்டைமாடியில் இரண்டு இரவு இருந்தோம். படகில்தான் இறங்கினோம். நினைவுக்காகவே அந்தச் சுவருக்கு நான் வண்ணம் பூசவில்லை” என்றார்.

2015 வெள்ளம் என்றதும் பலருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியே நினைவுக்கு வரும். ஆனால் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் செம்பரம்பாக்கம் நீர் அடையாற்றில் சேரும் இடத்துக்கும் மேலே, அந்த ஆற்றின் தலைப்பகுதியில் அமைந்தவை. ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அவ்வழியே இறங்குகிறது. நீர் போன பாதையில் வீடுகள் எழுந்தால், நீர் தன் பாதையைத் தேடி வீட்டுக்குள் வரும். அதன் பிறகு அங்கே வடிகால் பணிகள் பல நடந்துள்ளன. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் அப்பகுதித் தெருக்களில் வெள்ளம் நின்றது. பெரியவர் இவற்றையெல்லாம் ஒரு பாடம் நடத்துவதுபோல விளக்கினார். விடைபெறும்போது துணைவியார், “உங்களுக்கு வேறு இடம் போகத் தோன்றவில்லையா ஐயா?” என்று கேட்டார். “வாழ்நாள் சேமிப்பு முழுவதும் இதில் இருக்கிறதே அம்மா. விற்றால் என்னைப் போல் இன்னொருவரை அல்லவா இதில் வைத்துவிட்டுப் போவேன்” என்றார்.

முன்பணம் திரும்பி வரவில்லை. தரகர் சில நாள் இன்று நாளை என்றார். பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. 25,000 ரூபாய் என்பது என் போன்றோர்க்குச் சிறிய தொகையன்று. வீடு திரும்பும் வண்டியில் துணைவியார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஊர் வரும் வரை கைப்பையை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். அந்தப் பணத்தில் பாதி அவருடைய வளையல் என்பது எனக்குத் தெரியும்.

நான்காம் வெள்ளி

இனித் தேடலே வேண்டாம் என்று சோர்ந்திருந்த என்னைக் கிளப்பியவர் அவர்தாம். “பெரிதாகத் தேடினோம், தூரமாகப் போனோம். சிறிதாகத் தேடினால் பக்கத்தில் கிடைக்கும்” என்றார். தனி வீடு என்னும் ஆசையை விட்டுவிட்டு, பழைய அடுக்குமாடி வீடுகளைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. நான்காம் வெள்ளியன்று பல்லாவரத்தில் இறங்கினோம்.

கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான தடத்தில் 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நகரில் பிழைத்துப் புறநகரில் உறங்கும் வாழ்க்கை சென்னைக்கு அந்தத் தடத்தில்தான் பழகிற்று. பல்லாவரமோ அதனினும் மிகப் பழைய குடியிருப்பு. 1863 மே 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் பழைய கற்கால மனிதரின் கற்கருவியை இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் கண்டது இங்கேதான். இலட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பும் யாரோ ஒரு குடும்பத் தலைவர் இவ்விடத்தைத் தேர்ந்திருக்கிறார் என்று சொன்னேன். முதல் முறையாகத் துணைவியார் என் வரலாற்றுச் செய்திக்குச் சிரித்தார்.

நாங்கள் பார்த்தது இருபது ஆண்டுப் பழமையான கட்டடம். இரண்டாம் மாடி, மின்தூக்கி இல்லை, 560 சதுர அடி. நிலையத்திலிருந்து நாங்களே நடந்து பார்த்தோம், பத்து நிமிடம். பெண்கள் மேல்நிலைப் பள்ளி நடக்கும் தொலைவில். பாங்கொலி சமையலறை வரை கேட்டது. விலை 28 இலட்சம்.

குறை இல்லையா? உண்டு. ஒளுச் செய்யும் நீரை வாயில் வைத்தபோதே கேட்டுவிட்டேன். பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணிப் பகுதிகளின் நிலத்தடி நீரைத் தோல் பதனிடும் தொழில் பல்லாண்டுகளாகப் பாழ்படுத்தியுள்ளது. குரோம்பேட்டை என்னும் பெயரே அங்கே இருந்த குரோம் தோல் ஆலையால் வந்ததுதான். தோல் வணிகத்தில் நம் சமுதாயத்தாருக்குப் பெரும் பங்குண்டு. அதனால் வாழ்ந்த குடும்பங்களும் கட்டப்பட்ட கல்விக்கூடங்களும் உண்டு. அதனாலேயே அந்த நீரைப் பற்றி மனம் திறந்து பேசும் கடமையும் நமக்கு உண்டு. அந்தக் கட்டடத்தில் குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீர். போதாத நாளில் விலை நீர். ஆழ்குழாய் நீர் புழக்கத்துக்கு மட்டும். கீழ்வீட்டுச் சகோதரி துணைவியாரிடம் தண்ணீர்ச் செலவை மாதக் கணக்காகவே சொல்லிவிட்டார். மீஞ்சூரிலும் தண்ணீருக்குச் செலவுதான், இங்கும் செலவுதான். இங்கே அந்தச் செலவை ஏற்றுக்கொண்டால் நாள்கள் மிஞ்சும் என்பதே வேறுபாடு.

நடை, ரயில், மறுபடி நடை என்று ஒரு வழிக்கு அறுபத்தைந்து நிமிடம். ஆண்டுக் கணக்குப் போட்டால் இருபத்திரண்டரை நாள் வருகிறது. இதுவும் சிறிதன்று. ஆனால் திருநின்றவூர்க் கணக்கோடு ஒப்பிட்டால், ஆண்டுக்குப் பதினான்கு நாள்களை என் பிள்ளைகளுக்காக மீட்டுக்கொண்டேன். மண்ணடியிலேயே இருந்திருந்தால் எல்லா நாளும் மிஞ்சியிருக்கும், வீடு இருந்திராது. குறையில்லாத ஊர் எங்கும் இல்லை. எந்தக் குறையோடு நம் குடும்பம் அமைதியாக வாழ முடியும் என்பதைக் கணவனும் மனைவியும் கூடிப் பேசி முடிவு செய்வதே வீடு தேடுதல்.

அயலார்? நான்கு மாடிகளில் எட்டுக் குடும்பங்கள். முஸ்லிம்கள் இரு குடும்பம், கிறிஸ்தவர் ஒரு குடும்பம், மற்றவர்கள் இந்துக்கள். வாடகைக்குத் தேடிய காலத்தில், பெயரைச் சொன்னதும் ‘வீடு போய்விட்டது’ என்ற பதிலை நகரின் சில தெருக்களில் நானும் கேட்டவன். அதனால் நம்மவர் மட்டும் உள்ள இடத்தில்தான் குடிபுக வேண்டும் என்ற எண்ணம் முன்பு எனக்கு இருந்தது. முடிச்சூர்ப் பெரியவரைச் சந்தித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. பள்ளிவாசல் அருகில் வேண்டும்; நல்ல அயலார் எவராயினும் வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

இம்முறை அவசரப்படவில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துப் பத்திரங்களைக் காட்டினோம். அவர் சொன்னவற்றையும் நாங்கள் பட்டறிந்தவற்றையும் உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

தாய்ப் பத்திரத்திலிருந்து தொடங்கி, யாரிடமிருந்து யாருக்குச் சொத்து வந்தது என்பது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். குறைந்தது முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் பெறுங்கள். பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இவ்விரண்டையும் இன்று பதிவுத்துறை, வருவாய்த்துறை இணையத்தளங்களிலேயே பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கேட்டால் எடுத்துத் தரும்.

மனை வாங்குவோர் அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. வரன்முறை ஆகாத மனையை மலிவென்று வாங்கிவிட்டுக் கண்ணீர் விடுவோர் இன்றும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் புதிதாகக் கட்டி விற்பவர், 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தின்படி ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை.

அடுக்குமாடி வீடாயின், உங்களுக்கு எழுதித் தரப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு வயதாகாது. விற்பவர் அதிகாரப் பத்திரத்தைக் காட்டினால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று நேரில் சென்று அறியுங்கள். ஏரி, ஓடைப் புறம்போக்கா, வக்ஃப் நிலமா என்பதையும் விசாரியுங்கள். வக்ஃப் சொத்தை விற்பது சட்டப்படியும் செல்லாது, மார்க்கப்படியும் ஆகாது.

விலைக்கு மேல் பதிவுச் செலவு உண்டு. தமிழகத்தில் 2023 ஏப்ரல் முதல் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. எங்கள் 28 இலட்சத்துக்கு இது 2,52,000 ரூபாய். இதை மறந்து முழுத் தொகையையும் விலையாகப் பேசிவிட்டால் பதிவு நாளில் திண்டாட நேரும். பெண்கள் பெயரில் 10 இலட்சம் ரூபாய் மதிப்புக்குட்பட்ட சொத்தைப் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. சிறிய மனை வாங்குவோருக்கு இது உதவும். எங்கள் வீடு அந்த வரம்புக்கு மேற்பட்டது. ஆயினும் துணைவியார் பெயரிலேயே பதிந்தோம். அவருடைய வளையல்களுக்கு நான் செய்யக்கூடிய ஈடு அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தரகரின் காரில் ஒரு முறை போனால், உங்கள் காலால் இரண்டு முறை போங்கள். வெயிலில் பார்த்த இடத்தை மழையிலும் பாருங்கள். பகலில் நடந்த தெருவில் இஷாவுக்குப் பிறகும் நடந்து பாருங்கள். உங்கள் மகள் மாலை வகுப்பு முடிந்து அத்தெருவில்தான் வரப்போகிறாள். விற்கும் வீட்டின் சுவரைவிட எதிர்வீட்டின் சுவரை உற்று நோக்குங்கள். வீட்டுப் பெண்களை அழைத்துச் செல்லுங்கள். நாம் தூண்களை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தண்ணீரைக் கேட்டுவிடுவார்கள்.

குடிபுகுந்து சில மாதங்கள் ஆகின்றன. அல்ஹம்துலில்லாஹ்! குடிபுகுந்த வாரமே இனிப்பு வாங்கிக்கொண்டு முடிச்சூர் சென்று அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தோம். நாங்கள் அவருக்கு அயலாராகவில்லை. ஆயினும் ஓர் அயலாரின் கடமையை அவர் எங்களுக்குச் செய்துவிட்டார். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய இரவில் துணைவியார் சன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். “அவர் வீட்டில் தண்ணீர் ஏறியிருக்காதே?” என்று கேட்டார். உடனே தொலைபேசியில் அழைத்தேன். தெரு நனைந்திருக்கிறது, அவ்வளவே என்றார் பெரியவர்.

வீடு தேடும் உங்கள் ஒவ்வொருவருக்கும், அந்தப் பெரியவரைப் போல் உண்மை சொல்லும் ஒருவரை அல்லாஹ் வழியில் நிறுத்துவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.